ஐயா கொண்டுவந்த சீனச் சுருள்: வரைந்தவர் யார்?

கேள்வி: எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (என் அப்பாவின்) அப்பா, சிங்கப்பூருக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) இருந்தார். யுத்தத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டு 1946இல்தான் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு சீனச் சுருள் ஓவியம் இருக்கிறது. பாய்ந்து ஓடும் ஒற்றைக் குதிரை, கறுப்பு மைதான். இடது ஓரம் இரண்டு வரிசை எழுத்து, அதன் கீழே இரண்டு சிவப்பு முத்திரைகள். கொடுத்தவர் ஒரு சீன முதலாளி என்று மட்டும் ஆயா (பாட்டி) சொல்வார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. என் மகன் செல்போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்துவிட்டு, "இது சூ பெய்ஹோங் வரைந்தது, கோடிக்கணக்கில் போகும்" என்கிறான். கீழ்ப்பக்கம் பூச்சி அரித்திருக்கிறது. லேமினேட் செய்து முகப்பில் மாட்டலாமா, விற்கலாமா என்று வீட்டில் பேச்சு. வரைந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வணக்கம் ஆச்சி. முதலில் ஒரு வேண்டுகோள்: லேமினேஷன் கடைக்கு மட்டும் அந்தச் சுருளைக் கொண்டுபோக வேண்டாம். சூடும் பசையும் ஏறிவிட்டால் எவராலும் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மகன் சொன்ன பெயருக்கே நேராக வருகிறேன். இது சூ பெய்ஹோங் வரைந்தது அல்ல. ஆனால் அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. சூ பெய்ஹோங் (1895–1953) பாரிஸில் படித்து, குதிரையின் எலும்பையும் தசையையும் கூர்ந்து கற்று, அதைச் சீனத் தூரிகையில் கொண்டுவந்தவர். 1939 ஜனவரியில் சிங்கப்பூர் வந்தார். ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு நிவாரண நிதி திரட்டக் கண்காட்சிகள் நடத்தினார். நடுவில் தாகூர் அழைப்பில் சாந்திநிகேதன் போய், 1940இல் அங்கே காந்தியையும் சந்தித்துவிட்டு, மீண்டும் மலாயா பக்கம் வந்து, சிங்கப்பூர் வீழ்வதற்குச் சற்று முன்பு 1942 தொடக்கத்தில்தான் கிளம்பினார். 1939இல் அவர் சிங்கப்பூரில் வரைந்த ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் 2007இல் ஹாங்காங் ஏலத்தில் 7.2 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. சிங்கப்பூர், குதிரை, யுத்தகாலம் மூன்றும் சேர்ந்தால் எல்லோருக்கும் அவர் பெயர்தான் வாயில் வரும். செல்போன் தேடலும் ஓவியத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து அதே மாதிரிப் படத்தைக் காட்டுகிறதே தவிர, யார் கை என்று பார்ப்பதில்லை. அந்த ஆண்டுகளில் பாயும் குதிரை என்பது எழுந்து நிற்கும் சீனாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், நாள்காட்டி வரைபவர்கள் என்று எத்தனையோ பேர் அவர் வழியில் குதிரை வரைந்தார்கள்.

ஆகவே சீனச் சுருளில் ஆளைத் தேடும்போது குதிரையைப் பார்க்காதீர்கள். எழுத்தைப் பாருங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் எழுத்து ஓரளவு தெளிவாக இருப்பதால் என்னால் இவ்வளவு வாசிக்க முடிந்தது. சீன எழுத்தை மேலிருந்து கீழாக, வலது வரிசையில் தொடங்கி இடது பக்கமாக வாசிக்க வேண்டும். வலது வரிசையின் உச்சியில் இரண்டெழுத்தில் ஒருவர் பெயர். அதையடுத்து 'சியன்ஷெங்' என்ற மரியாதைச் சொல். பிறகு 'பார்த்துத் திருத்தியருள்க' என்ற பொருளில் வழக்கமாக எழுதும் பணிவு வாசகம். அதாவது இந்தப் படம் ஒரு குறிப்பிட்ட மனிதருக்காக வரையப்பட்டது. இரண்டாவது வரிசையில் 'சின்-சி ஆண்டு, கோடைக்காலம், சிங்சோவில் வரைந்தது'. சிங்சோ என்பது 'நன்யாங்' எனப்படும் தென்கடல் பகுதியில், அதாவது தென்கிழக்காசியாவில், குடியேறிய சீனர்கள் சிங்கப்பூரை அழைத்த பெயர். அதன் கீழே கையெழுத்து: இரண்டெழுத்து. முதலெழுத்து 'ஷி', கல் என்று பொருள். இரண்டாவது எழுத்தின் மேலேயே பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது.

சூ பெய்ஹோங் தன் படங்களில் 'பெய்ஹோங்' என்று ஒப்பமிடுவார். 'பெய்' என்பது 12 கோடுகள் கொண்ட நெருக்கமான எழுத்து. உங்கள் சுருளில் இருக்கும் 'ஷி' ஐந்தே கோடுகள். எவ்வளவு வேகமாக எழுதினாலும் ஒன்று மற்றதாகத் தெரியாது. காலமும் இடமும் அவருக்குப் பொருந்தத்தான் செய்கின்றன. கையெழுத்து பொருந்தவில்லை. அதோடு அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீனச் சுருள் வைத்திருக்கும் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். எழுத்தில் ஒரு பெரிய ஓவியரின் பெயர் இருந்தாலும் அவர் வரைந்தார் என்று ஆகாது. பெயருக்கு முன்னால் 'லின்' என்ற எழுத்து இருந்தால், அந்த ஓவியரின் படத்தை எதிரே வைத்துப் பார்த்து வரைந்தது. 'ஃபாங்' என்றிருந்தால் அவர் பாணியில் வரைந்தது. 'மோ' என்றால் மேலே தாள் வைத்துப் படியெடுத்தது. இவை மோசடி அல்ல. குருவின் பெயரை மரியாதையோடு சொல்லிவிட்டு வரைவது அந்த நாட்டின் நெடுங்கால வழக்கம். மொழிபெயர்ப்புச் செயலி பெரிய பெயரை மட்டும் பிடித்துக் காட்டும், அதற்கு முன்னால் உள்ள ஒற்றை எழுத்தைப் பெரும்பாலும் தவறவிடும். உங்கள் சுருளில் அப்படி எந்த எழுத்தும் இல்லை. அதாவது வரைந்தவர் தன் பெயரிலேயே வரைந்திருக்கிறார்.

இனி ஆண்டு. சீனர்களுக்கும் நம்மைப் போலவே அறுபது வருடச் சுழற்சி உண்டு. பத்து எழுத்து ஒரு வரிசை, பன்னிரண்டு எழுத்து ஒரு வரிசை. இரண்டையும் இணையாக ஓட்டினால் அறுபதாவது ஆண்டில் சுற்று முடியும். 'சின்-சி' என்பது 1881, 1941, 2001 ஆகிய மூன்றில் ஒன்று. 2001 இருக்கவே முடியாது. பெட்டி 1946இல் ஊருக்கு வந்துவிட்டது. 1881 என்றால் அதுவரை தாள் அறுபத்தைந்து ஆண்டுகள் சிங்கப்பூரின் ஈரத்தில் இருந்திருக்க வேண்டும். தாளின் நிறமும், இப்படி எலும்பும் தசையும் தெரிய வரையும் குதிரைப் பாணியும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை. எனவே 1941 கோடை. ஜப்பானியர் வருவதற்கு ஏறக்குறைய அரை ஆண்டு முன்பு.

1941ஐ நம் கணக்கில் பாருங்கள், ஆச்சி: விஷு வருஷம். ஐயாவின் கணக்குப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் அவற்றில் தமிழ் வருஷமும் மாதமும்தான் போட்டிருக்கும். சீன ஆண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ பிறக்கும், நம் ஆண்டு சித்திரையில். சுருளில் 'வசந்தம்' என்று எழுதியிருந்தால் விக்கிரம வருஷத்து மாசி, பங்குனியையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். கோடை என்று இருப்பதால் விஷு வருஷம் மட்டும் போதும். சித்திரைக் கடைசி முதல் ஆடி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் வரைந்த நாளும் ஐயா கைக்கு வந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சுருளில் பெயர் உள்ளவர்தான் அந்தச் சீன முதலாளி என்று எடுத்துக்கொள்கிறேன்; படம் அவருக்கு எழுதப்பட்டது. அவர் பிற்பாடு ஐயாவுக்குக் கொடுத்திருக்கிறார். அது 1946 வரை எப்போதும் நடந்திருக்கலாம்.

நான் சொல்ல விரும்புவதன் மையம் இதுதான். வரைந்தவரின் பெயரைத் தேடும் முன், யாருக்காக வரைந்தார் என்று தேடுங்கள். பெரிய அருங்காட்சியகங்களிடமும் ஏலக்காரர்களிடமும் இல்லாத ஒரு சாட்சி உங்கள் வீட்டில் இருக்கலாம். அதுதான் ஐயாவின் பேரேடு. ஓவியம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் உங்கள் முத்திரையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும். அந்தச் சீன முதலாளி யார் என்று சொல்லக்கூடியது உங்கள் வீட்டுக் காகிதம் மட்டும்தான்.

மார்க்கெட் ஸ்திரீட்டுச் செட்டியார் கிட்டங்கிகளில் கடன் வாங்கியவர்களில் சீன வியாபாரிகள் ஏராளம். பேரேட்டில் அவர்கள் பெயர் தமிழில், காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், சுருளில் உள்ள பெயரை நான் சீனப் பொதுமொழியான மாண்டரின் உச்சரிப்பில் வாசிக்கிறேன். ஐயா காதில் விழுந்திருப்பது ஹொக்கியன், தியோச்சு, காண்டனீஸ் என்ற தென்சீனப் பேச்சுமொழிகளில் ஒன்று. எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. மாண்டரினில் 'சென்' என்ற குடும்பப் பெயர் ஹொக்கியனில் 'டான்', காண்டனீஸில் 'சான்'. 'லின்' என்பது 'லிம்', 'லாம்' ஆகும். 'ஹுவாங்' என்பது 'இங்' என்றோ 'வோங்' என்றோ ஆகும். உங்கள் சுருளில் குடும்பப் பெயர் இல்லை. நெருங்கியவரை அழைக்கும்போது அதை விட்டுவிட்டு எழுதுவது பண்பு. இருக்கும் இரண்டெழுத்தில் இரண்டாவது 'ஃபூ', நற்பேறு. ஹொக்கியனில் அது 'ஹாக்'. முதலெழுத்தை இங்கே அச்சிடாமல் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் குடும்பம் இன்றும் அங்கே இருக்கலாம். பேரேட்டில் 'ஆக்', 'ஓக்கு', 'ஹாக்கு' என்று முடியும் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் பெயருக்குப் பதில் கடைப் பெயரை, அங்கே சொல்வதுபோல் 'சாப்பு' பெயரை, மட்டும் எழுதும் வழக்கமும் உண்டு. கடன் நோட்டு ஏதாவது தப்பியிருந்தால் அதுதான் பெரிய அதிர்ஷ்டம்: சீனர் தன் எழுத்திலேயே ஒப்பமிட்டிருப்பார். அந்த ஒப்பத்தையும் சுருளின் முதல் இரண்டெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஐயா ஊருக்கு எழுதிய கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள்.

அந்த முதலாளி கிடைத்துவிட்டால் ஓவியர் எப்படிக் கிடைப்பார் என்று கேட்பீர்கள். அன்றைய சிங்கப்பூரில் சீன ஓவியர்களின் உலகம் சின்னது. 1935இல் தொடங்கிய சீனக் கலைஞர் சங்கம், 1938இல் லிம் ஹாக் தாய் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகம், சில சீனப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்கள், போரினால் சீனாவிலிருந்து வந்து தங்கியவர்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர்ச் சீனத் தொழிலதிபர் டான் கா கீ தலைமையில் நிவாரண நிதி இயக்கம் நடந்த காலம் அது. கண்காட்சி வைப்பார்கள், வணிகர்கள் வாங்குவார்கள், பணம் நிதிக்குப் போகும், வாங்கியவர் பெயரைப் படத்தில் எழுதிக் கொடுப்பதும் நடந்தது. இந்தச் செய்திகள் அன்றைய சீன நாளிதழ்களான நன்யாங் சியாங் பாவ், சின் சியூ ஜிட் போ ஆகியவற்றில் வந்தன. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஒரு வணிகரின் முழுப்பெயரும் 1941 என்ற ஆண்டும் கையில் இருந்தால் அவர் எந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தார், எந்தக் கண்காட்சிக்கு நன்கொடை கொடுத்தார் என்று பிடிக்க முடியும். அங்கேதான் நம் 'ஷி' இருப்பார் என்று நான் நம்புகிறேன்.

காலம் இன்னொரு உதவியும் செய்கிறது: பலரைக் கழித்துவிடுகிறது. சிங்கப்பூர் 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் கொடிகளுக்கு நடுவே இரண்டு குரங்குகள் உள்ள ஓவியம் இருக்கும். அதை வரைந்த சென் வென் சீயின் பெயரையும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அவர் சிங்கப்பூருக்கு வந்ததே யுத்தத்துக்குப் பிறகு. இன்னொரு பெயர் பெற்ற ஓவியரான சியோங் சூ பியெங் வந்தது 1946இல். 1941 கோடையில் சிங்கப்பூரில் குதிரை வரைந்திருக்க இவர்களால் முடியாது. இப்படி ஒரு பெரிய பெயர் காதில் விழுந்தவுடன், அந்த ஆண்டு அவர் எங்கே இருந்தார் என்று முதலில் பாருங்கள்.

கையெழுத்தில் உள்ள 'ஷி' மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. சீன ஓவியருக்குப் பிறப்புப் பெயர் ஒன்று, வளர்ந்தபின் நண்பர்கள் அழைக்கும் பெயர் ஒன்று, தானே வைத்துக்கொள்ளும் புனைபெயர்கள் பல. புகழ்பெற்ற ஓவியர் சீ பைஷிக்குப் பிறந்தபோது வைத்த பெயர் சீ ச்சுன்ஜி, பிறகு ஆசிரியர் வைத்த பெயர் சீ ஹுவாங். 'பைஷி' என்றால் வெள்ளைக்கல், அது புனைபெயர். அவர் இன்னும் பல பெயர்களில் ஒப்பமிட்டிருக்கிறார். கல்லும் மலையும் மூங்கிலும் சீன அறிஞர்களுக்குப் பிடித்த சொற்கள் என்பதால் 'ஷி' வரும் புனைபெயர்கள் எண்ணில் அடங்காது. அதனால்தான் முத்திரை வேண்டும்.

உங்கள் படத்தில் மேல் முத்திரை சிவப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்து. கீழ் முத்திரை வெறும் தாளில் சிவப்பு எழுத்து. பெரும்பாலும் வெள்ளை எழுத்து முத்திரையில் இயற்பெயரும் சிவப்பு எழுத்து முத்திரையில் புனைபெயரும் இருக்கும். இது வழக்கம், விதி அல்ல. மேல் முத்திரையில் நான்கு எழுத்து இருப்பதாகத் தெரிகிறது. அப்படியென்றால் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் இரண்டு, 'இன்' அதாவது முத்திரை என்ற எழுத்து ஒன்று என்று இருக்க வாய்ப்பு அதிகம். வலது மேல், வலது கீழ், இடது மேல், இடது கீழ் என்பது சாதாரண வரிசை. ஆனால் சிலர் வலது மேலே குடும்பப் பெயரை வைத்து, இடது பக்கம் தாவி, மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் வலது கீழே 'இன்' வைப்பார்கள். இது தெரியாமல் வாசித்தால் பெயரே மாறிப்போகும். முத்திரைகள் மிகப் பழைய சித்திர எழுத்தில் செதுக்கப்படுவதால் இன்றைய சீனர்களிலும் பலருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. சிங்கப்பூரில் உள்ள சீன நண்பரிடம் காட்டினோம், அவருக்கே புரியவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

முத்திரைகளை மறுபடி படம் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போன் தாளுக்கு நேர் மேலே இருக்கும்படி, ஒவ்வொரு முத்திரையும் திரையை நிறைக்கும்படி. பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்றை வையுங்கள், தாளைத் தொடாமல். அளவு தெரியாத முத்திரையை எதோடும் ஒப்பிட முடியாது. பழங்கால ஓவியர்கள் தொடங்கி நவீன காலத்தவர் வரை ஒப்பங்களையும் முத்திரைகளையும் தொகுத்து ஷாங்காய் அருங்காட்சியகம் 1987இல் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டது. எங்கள் தொழிலில் முதலில் எடுப்பது அதைத்தான். நன்யாங் ஓவியர்களுக்கு அதோடு உள்ளூர்க் கண்காட்சிப் பட்டியல்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

முத்திரை பொருந்தினால் போதுமா என்றால், போதாது. புகைப்படத்திலிருந்து அப்படியே முத்திரை செதுக்க முடியும். ஓவியர் இறந்தபின் அவருடைய உண்மையான முத்திரையே வேறு கைக்குப் போய்க் குத்தப்பட்டதும் உண்டு. சீனத் தாளில் சில வகை இரட்டை அடுக்காக இருக்கும். மை கீழ் அடுக்கு வரை இறங்கியிருந்தால், சுருள் கட்டுபவர், அதாவது படத்துக்குப் பின்தாள் ஒட்டிச் சுருளாக்குபவர், இரண்டையும் பிரித்து, வெளிறிய கீழ் அடுக்குக்கு மேலே கொஞ்சம் மை தொட்டு, ஒரே படத்தை இரண்டாக விற்ற கதைகள் சீனாவில் பழையவை. இருபதாம் நூற்றாண்டின் பெரும் ஓவியர் சாங் தாச்சியென் பழைய மேதைகளின் பாணியில் வரைந்த ஒன்றை, பத்தாம் நூற்றாண்டு ஓவியம் என்று நம்பிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமே 1957இல் வாங்கியது. எனவே முத்திரை, கையெழுத்து, தூரிகை, தாள், சுருள் கட்டு, குடும்ப வரலாறு எல்லாம் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் காட்டினால் அது சந்தேகம்தான்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. பொய்ச் சுருள் செய்பவன் பெரிய பெயரைத்தான் போடுவான். யாருக்கும் தெரியாத 'ஷி'யின் பெயரை எழுதிப் பிழைக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். 1941இல் சிங்கப்பூரில் இருந்த ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குத் தன் கையால் வரைந்து கொடுத்தது என்றே உங்கள் சுருள் சொல்கிறது. அதை நம்பத் தடையாக எதுவும் நான்கு படங்களிலும் எனக்குத் தென்படவில்லை.

ஆனால் இது கையால் வரைந்ததா அச்சா என்பதை மட்டும் நீங்கள் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் காரைக்குடியில் எந்த நகைக்கடையிலும் இருக்கும். குதிரையின் வால் பகுதியைப் பாருங்கள். ஒழுங்காக அடுக்கிய சின்னஞ்சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சு. மை தாள் நாரில் ஊறிப் பரவி, காய்ந்த தூரிகை இழுத்த இடத்தில் தாளின் வெள்ளை கீறலாகத் தெரிந்தால் கை. முத்திரையின் சிவப்பு, சிந்தூரத்தை எண்ணெயில் குழைத்தது. அது தாளின் மேலே கொஞ்சம் தடிப்பாக உட்கார்ந்திருக்கும், பழையதில் ஓரமாக எண்ணெய் லேசாகக் கசிந்திருக்கும். மையும் சிவப்பும் ஒரே தட்டையாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் போன்ற இடங்களில் மரக்கட்டையில் அச்சிடும் நகல்களில் புள்ளி இருக்காது, மை ஊறுவதும் உண்மைபோலவே இருக்கும். லென்ஸ் அங்கே தோற்கும். ஆனால் அவர்கள் நகலெடுப்பது பெயர் பெற்ற ஓவியங்களை. ஒருவர் பெயரெழுதிய தனிப்பட்ட படத்தை அல்ல.

சுருளின் வெளிப்பக்கத்தை நீங்கள் படம் எடுக்கவில்லை. சுருட்டி வைத்த நிலையில் மேல் கழிக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லியான தாள் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். படத்தின் தலைப்பும் ஓவியர் பெயரும் அதில்தான் எழுதியிருக்கும். சில சமயம் உள்ளே அழிந்துபோன பெயர் வெளியே முழுதாக இருக்கும். சுருள் கட்டிய கடையின் முத்திரையோ சீட்டோ இருந்தாலும் படம் எடுங்கள். கீழ்க் கழியின் இரு முனைக் குமிழ்களையும் தனியாக எடுங்கள்: மரமா, எலும்பா, தந்தமா என்று தெரிய வேண்டும். தந்தம் என்றால் இந்தியாவில் அதை விற்கச் சட்டம் இடம் தராது.

பூச்சி பற்றி. கீழ்ப்பக்கம் வெள்ளிமீன் அரித்ததுபோல் இருக்கிறது. சுருள் ஒட்டும் கோதுமைப் பசை அதற்குப் பிடித்த உணவு. தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், அதில் ஈரம் பூட்டிக்கிடக்கும். சுத்தமான மேசையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, மெதுவாகப் பிரியுங்கள். விரிய மறுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மெல்லிய தூரிகையால் தூசியைத் தள்ளினால் போதும். ஈரத்துணி, இஸ்திரிப் பெட்டி, செலோடேப், ஃபெவிக்கால் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. பூச்சி மருந்து தெளிக்கவும் கூடாது. பாச்சை உருண்டையைத் தாளோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம். தளர்வாகச் சுருட்டி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, இரண்டாங்கட்டில் வெளிச்சுவரை ஒட்டாத மர அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். ஓட்டையை அடைப்பதும் புதிதாகச் சுருள் கட்டுவதும் கிழக்காசியத் தாளில் பழகியவர் வேலை, அவசரம் இல்லை. பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தோன்றினால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் ஆலோசனை கேளுங்கள். முகப்பில் மாட்டும் ஆசை புரிகிறது. சீனர்களே சுருளை ஆண்டு முழுவதும் மாட்டி வைப்பதில்லை. நல்ல நாளுக்கு மாட்டி, சில நாளில் சுருட்டி விடுவார்கள். வெயில் படாத சுவரில் ஒரு வாரம் மாட்டுங்கள், அழகாக இருக்கும். மற்ற நாட்களுக்கு நல்ல புகைப்பட நகல் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளலாம்.

விற்பது பற்றி நான் விலை சொல்லப் போவதில்லை; பெயர் தெரியாத நிலையில் சொல்லும் எந்த விலையும் பொய். பெரிய ஏல நிறுவனங்களின் சீன ஓவியப் பிரிவுகள் படம் அனுப்பினால் மதிப்பீட்டுக் கருத்தை இலவசமாகத் தருகின்றன. அவர்கள் எழுதும் வாசகத்தைக் கவனித்துப் படியுங்கள். ஓவியர் பெயரை நேராகப் போட்டிருந்தால் அவர் வரைந்தார் என்று அவர்கள் கருதுகிறார்கள். 'அவருடையதாகக் கருதப்படுவது', 'அவர் பாணியில்', 'அவர் கையெழுத்தோடு' என்றிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு படி பின்வாங்கல். "உங்கள் பொருளுக்கு ஹாங்காங்கில் ஆள் தயார், சான்றிதழுக்கும் கண்காட்சிக்கும் முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் எடுக்காதீர்கள். சுருள் வைத்திருப்பவர்களிடம் பணம் பறிக்கும் பழகிய வழி அது. மகனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். கோடி என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம்தான் அவர்கள் வருவார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியத்தைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1941 என்றால் உங்கள் சுருள் அந்த வரம்புக்குள் வராது. ஆனால் சுங்கத்தில் பழைய சீன ஓவியம் என்றதும் நிறுத்துவார்கள். இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சான்றுக்கும் சுருளில் உள்ள 'சின்-சி' ஆண்டும் ஐயாவின் விஷு வருஷப் பேரேடும்தான் ஆதாரம். ஆகவே பேரேட்டைத் தேடும் வேலையை முதலில் தொடங்குங்கள். பக்கங்களைப் படம் பிடித்து, புதிய முத்திரைப் படங்களோடு அனுப்பி வையுங்கள். முதலெழுத்தை இந்த வாரமே உங்களுக்குத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்புகிறேன்.